ஒரு சொட்டுக் குறையாத கையிருப்பு

பெல்ஆன்ஸ் ஊர்க்காரர்கள் எண்ணெய்ப் பஞ்சம் என்று வாயைத் திறந்தால் லூசியானா முழுக்கச் சிரிக்கும். எங்கள் ஊருக்கு அடியில் அரை மைல் ஆழத்தில் மலை மாதிரி ஓர் உப்புப்பாறை படுத்திருக்கிறது. அதைக் குடைந்து குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாதாகோயிலை மணிக்கூண்டோடு இறக்கி வைக்கலாம் என்கிற அளவில் குகைகள் செய்து, அவற்றில் ஏழு கோடி பீப்பாய் கச்சா எண்ணெயை நிரப்பி வைத்திருக்கிறது தேசிய எண்ணெய் இருப்பு வாரியம். நாட்டுக்கு ஆபத்து வந்தால் எடுப்பதற்காக. வாரியத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை உண்டு. 'உங்கள் ஆபத்துக்காகக் காத்திருக்கிறோம்' என்று எழுதியிருக்கும். அதை எழுதியவருக்கு வேறு திறமை இருந்ததோ இல்லையோ, பொய் சொல்லத் தெரியாது.

ஆபத்து ஆகஸ்ட் கடைசியில் கடல் பக்கமிருந்து வந்தது. ஊரின் ஒரே பெட்ரோல் பங்க் புயலோடு போய்விட்டது. அதன் கூரையைப் பள்ளிக்கூட மைதானத்தில் கண்டுபிடித்தார்கள், பம்புகளை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மின்கம்பங்கள் வயலில் படுத்துக்கொண்டன. ஆற்றுப் பாலத்தில் விரிசல் என்று சொல்லி போலீஸ் அதை மூடிவிட்டது. வண்டி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது என்று சொன்னதை நம்பியவர்கள்தான் ஊரில் மிச்சம்.

அப்படி நம்பியவர்களில் ஒருவர் ஓவிட் கித்ரி. ஊருக்கு முடி வெட்டுகிறவர். புயலில் அவருடைய கடையின் கூரையும் இரண்டு நாற்காலிகளும் போய்விட்டன. அதற்கெல்லாம் அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் கவலையெல்லாம் மனைவி எர்லீன். அரிசி ஆலைத் தூசியை ஆயுசு முழுக்க இழுத்து நுரையீரலைத் தொலைத்தவள் அவள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் மெஷின் முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. தன் டிரக், படகு, புல்வெட்டும் மெஷின் என்று ஒவ்வொன்றிலும் ட்யூபைப் போட்டு வாயால் உறிஞ்சி ஊற்றியாகிவிட்டது. மூக்கு, வாய், சட்டை என்று மனிதர் முழுக்கப் பெட்ரோல் நாற்றம்.

"என்னய்யா, ஜெனரேட்டர் சத்தம் மாறுது?" என்றாள் எர்லீன்.

"மாறலையே."

"இத்தன வருஷமா உன் கொறட்டையக் கேட்டவ நான். எது எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்? எவ்வளவு இருக்கு?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அப்புறம் சிலிண்டர் ஒண்ணு இருக்கு."

"அது குட்டிச் சிலிண்டரு. ஒரு தும்மலுக்குக் காணாது." எர்லீன் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வாரியத்துல போய்க் கேளேன். அங்க எத்தன பேரு மண்டையச் செரைச்சிருக்கே? கீழ ஏழு கோடி பீப்பாய வெச்சுக்கிட்டு ஒரு கேன் குடுக்க வக்கில்லாமப் போயிருமா?"

"அது கச்சா எண்ணெய் எர்லீன். அத ஜெனரேட்டர்ல ஊத்த முடியாது."

"அதக் கேக்கச் சொன்னேனா? அவனுங்க வண்டி எதுல ஓடுது, தீர்த்தத்துலயா?"

பேச்சில் அவளை ஜெயித்த ஆள் ஊரில் கிடையாது. ஓவிட் சிவப்புக் கேனை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு வெர்னிஸ் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். "போய்ட்டு வா, நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்று எர்லீன் வழியனுப்பினாள். டிரக்கில் பெட்ரோல் இல்லாததால் ஓவிட் நடந்தே போனார். விழுந்த மரங்களை ஏறித் தாண்டி, சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, ஊர் எல்லையில் இருந்த வாரியத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

வாசலில் காவலுக்கு நின்றவன் லெஸ்டர் ஃபோந்தெனோ. மாதம் தவறாமல் ஓவிட்டிடம் தலையைக் கொடுப்பவன்.

"ஓவிட்டண்ணே! உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. லெஸ்டர், ஒரு கேன் பெட்ரோல் வேணும். எர்லீன் மெஷினுக்கு."

லெஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒரு சொட்டு எடுத்தா வேலையும் போயிரும், ஜெயிலும் கெடைக்கும். வாஷிங்டன்லேர்ந்து எல்லாப் பெரிய தலையும் வந்து எறங்கியிருக்குண்ணே. இன்னிக்கு ஒத்திகை."

"என்ன ஒத்திகை?"

"ஆபத்துக்கால ஒத்திகை. புயலடிச்சு, பெட்ரோல் இல்லாம ஜனங்க தவிச்சா வாரியம் என்ன பண்ணும்னு நடிச்சுப் பாக்கறது."

ஓவிட் திரும்பிப் பார்த்தார். தபாலாபீஸ் கூரைமேல் ஒரு இறால் படகு உட்கார்ந்திருந்தது. "இப்பவா?" என்றார்.

"வருஷா வருஷம் இதே தேதிதான். தள்ளி வைக்கலாம்னு யாரோ வாயத் தொறந்திருக்கான். நெசப் புயலுக்காக ஒத்திகைய நிறுத்த ஆரம்பிச்சா அப்புறம் ஒத்திகைக்கு என்ன மரியாதைன்னு பெரிய சாரு கேட்டுட்டாரு."

"பாலம் மூடியிருக்கே. எப்படி வந்தாங்க?"

"அவங்க வர்றப்ப விரிசல் இல்ல. வந்தப்புறம் மறுபடி விரிசல் விட்டுருச்சு." சொல்லிக்கொண்டே லெஸ்டர் ஓவிட்டை மேலும் கீழும் பார்த்தான். ஒற்றைச் செருப்பு, முழங்கால் வரை சேறு, கையில் காலிக் கேன். அவன் முகம் மலர்ந்தது. "அண்ணே, உனக்கு அதிர்ஷ்டம்தான். பொதுமகன் வேஷத்துக்கு லாஃபயட்லேர்ந்து ஒரு நாடகக்காரன் வரணும். புயல்ல மாட்டிக்கிட்டான். உள்ள ஆளில்லாம முழிக்கிறானுங்க. நீ போய் நில்லு. கடைசிக் காட்சியில பொதுமகன் கையில கேன் நெறையப் பெட்ரோல் குடுக்கிற மாதிரி வருது. வாங்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிரு. மத்தியானச் சாப்பாட்டோட எல்லாம் முடிஞ்சிரும்."

"எனக்கு நடிக்கத் தெரியாதேப்பா."

"நீ எதுக்கு நடிக்கணும்? பாத்தாலே பரிதாபமா இருக்கே!"

லெஸ்டரைக் குறை சொல்லக்கூடாது. அவன் நல்ல எண்ணத்தில்தான் ஓவிட்டின் கழுத்தில் 'பாதிக்கப்பட்ட பொதுமகன்' என்கிற அட்டையை மாட்டி உள்ளே அனுப்பினான்.

உள்ளே ஒரு பெரிய கூடாரம். கூடாரத்துக்குப் பின்னால் லாரி அளவில் ஒரு டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, ஏ.சி.க்காக. ஓவிட்டுக்கு உள்ளே நுழைந்ததும் பல் கிட்டியது. ஒரு மேஜைமேல் நண்டு சாண்ட்விச்சுகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு தொட்டி நிறைய ஐஸ் கட்டி. புயலுக்குப் பிறகு ஊரில் ஐஸைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. ஓவிட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் கார்ல்டன் வீக்ஸ், வாரியத்தின் துணை இயக்குநர். கால்களில் புத்தம்புது ரப்பர் பூட்ஸ். ஒன்றில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

"நண்பர்களே! ஒலகத்துலயே அதிகமா எண்ணெய் எடுக்கற நாடு நாமதான். அதிகமாக் குடிக்கற நாடும் நாமதான். நடுவுல ஒரு சின்னச் சிக்கல். நாம எடுக்கறது ரொம்ப ஒசத்தியான எண்ணெய். நம்ம சுத்திகரிப்பு ஆலைங்க பழகினது மட்டமான எண்ணெய்க்கு. அதனால நம்ம நல்ல எண்ணெயக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டு, அவங்க மட்ட எண்ணெயக் கப்பல்ல எறக்கிக்கறோம். இதுக்குத்தான் தன்னிறைவுன்னு பேரு."

கைதட்டல். வீக்ஸ் ஒரு மடக்கு ஐஸ் டீ குடித்தார்.

"கையிருப்பப் பத்தியும் ஜனங்களுக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கு. எடுக்கறதுக்குத்தான் வெச்சிருக்கோம்னு நெனைக்கறாங்க. எடுத்துட்டா அது எப்படிங்க கையிருப்பு? ஒரு பீப்பாய எடுத்துக் குடுத்தா எவனோ ஒருத்தன் ரெண்டு வாரம் வண்டி ஓட்டுவான். அதே பீப்பா கீழயே கெடந்தா முப்பது கோடிப் பேரு நிம்மதியாத் தூங்குவாங்க. எது தர்மம், நீங்களே சொல்லுங்க."

தர்மம் எது என்பதில் கூடாரத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒத்திகை ஆரம்பமாயிற்று.

மதிப்பெண் போடுவதற்கென்றே ஓர் அம்மாள் வந்திருந்தாள். ரொவீனா ஸ்டப்ஸ் என்று பெயர். அவள் ஓவிட்டை ஒரு வட்டத்துக்குள் நிற்கவைத்து ஒரு தாளைக் கொடுத்தாள். 'ஐயா, எனக்கு எரிபொருள் தேவை' என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தது. வீக்ஸ் கேமராவுக்கு முகம் காட்டியபடி நெருங்கி வந்தார்.

"சொல்லுங்க பொதுமகனே, உங்க கஷ்டம் என்ன?"

"பெட்ரோல் இல்லீங்க. என் சம்சாரம் ஆக்ஸிஜன் மெஷின்ல கெடக்கா. ஜெனரேட்டர் சாயங்காலம் நின்னுருங்க. ஒரு கேன் குடுத்தீங்கன்னா போதும்."

"சம்சாரம் வசனத்துல இல்லையே" என்றாள் ரொவீனா, தாளைப் புரட்டி.

"இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார் வீக்ஸ் பெருந்தன்மையாக. பிறகு ஓவிட்டிடம், "பெட்ரோல் இல்லேன்னு நீங்க சொல்றீங்க. வாரியம் அத எப்படி நம்பறது? தட்டுப்பாடுன்னா வெலை ஏறணும். தேசிய வெலை இன்னிக்கு எறங்கியிருக்கு."

"எங்க ஊர்ல வெலையே இல்லீங்களே. வித்தாத்தானே வெலை?"

வீக்ஸ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? வெலையே இல்லையாம். அவ்வளவு மலிவு! அப்ப தட்டுப்பாடு எங்கேர்ந்து வருது?"

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஓவிட்டுக்குத் தலை சுற்றியது. தான் சொன்னதில் என்ன தப்பு என்று யோசிக்க முயன்றார், குளிர் யோசிக்க விடவில்லை.

தட்டுப்பாடு இல்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகும், ஒத்திகை நடக்கவேண்டும் என்பதற்காக, இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். அடுத்து வாஷிங்டனிடம் அனுமதி வாங்க வேண்டும். 'வாஷிங்டன்' என்று அட்டை மாட்டிய ஒருவர் மூலை மேஜையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். ஓவிட் போய் அவர் எதிரில் நின்றார். அவர் நிமிரவே இல்லை.

"ஐயா..."

"வாஷிங்டன் சாப்பிடுது" என்றார் அவர் வாயில் நண்டோடு. "வசனத்துலயே அப்படித்தான் இருக்கு."

வாஷிங்டன் சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்தி, தலையை ஆட்டிய பிறகு எண்ணெய் புறப்பட்டது. கூடாரத்தின் குறுக்கே அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். 'குகை', 'பம்ப்', 'குழாய்', 'சுத்திகரிப்பு ஆலை', 'லாரி' என்று ஆளுக்கோர் அட்டை. குகையாக நின்றவர் நல்ல பருமன், பொருத்திப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு சிவப்புக் கேனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பொதுமகன் வரைக்கும் கொண்டுவர வேண்டும். அதுதான் நாட்டின் எண்ணெய் வழங்கல்.

குகையிடமிருந்து கேனை வாங்கிய இளைஞர், "பம்ப் ஓடுது" என்று அறிவித்தார்.

ஓவிட்டால் பொறுக்க முடியவில்லை. "ஊர்லதான் கரெண்டே இல்லீங்களே, பம்ப் எப்படிங்க ஓடும்?"

"கரெண்ட் இருக்கறதா வெச்சுக்கணும்" என்றாள் ரொவீனா.

"அப்படி வெச்சுக்கிட்டா எனக்குக் கேனே வேண்டாங்களே, தாயி. என் சம்சாரம் மெஷின சொவத்துல சொருகிட்டுப் போறேன்."

"பாத்திரத்தை மீறிப் பேசறீங்க" என்று அவள் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தாள்.

குழாயில் கேன் நின்றுவிட்டது. குழாயாக நின்றவர்கள் இரண்டு பேர், இரண்டு இலாகா. கேனின் கைப்பிடி யாருடையது, அடிப்பாகம் யாருடையது என்று அவர்களுக்குள் வாக்குவாதம். அது தீர்ந்து சுத்திகரிப்பு ஆலைக்கு வந்தால், ஆலை வருடாந்திரப் பராமரிப்புக்காக மூடியிருந்தது. ஆலையாக நின்றவர் கேனைக் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கூடாரத்துக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஓவிட் வெளியே எட்டிப் பார்த்தார்.

கூடாரத்தின் பின்வாசல் வழியாக ஒரு ஹெலிகாப்டர் நிற்பது அவர் கண்ணில் பட்டது. வீக்ஸிடம் ஓடினார்.

"சார், அந்த ஹெலிகாப்டர்ல என் பொண்டாட்டிய ஒரு நல்ல ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிரலாங்க. பெட்ரோலே வேண்டாம்."

"அது முடியாதே" என்றார் வீக்ஸ். "இந்த ஒத்திகைப்படி மோசமான வானிலை. ஹெலிகாப்டர் வர முடியாது. அது வராத ஹெலிகாப்டர்."

"நிக்குதே சார்!"

"வராம நிக்குது."

அப்போதுதான் ஓவிட்டுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. கழுத்து அட்டையைப் பிய்த்து எறிந்தார். வாழ்க்கையில் குரலை உயர்த்தியே அறியாத மனிதர், தொண்டை கிழியக் கத்தினார். "யோவ், நான் நடிக்கறவன் இல்லய்யா! இந்த ஊர்ல முடி வெட்டறவன்! எம் பொண்டாட்டி பேரு எர்லீன்! நெசமாவே கெடக்கா, நெசமாவே மூச்சுக்குத் தவிக்கிறா! உங்க வண்டி எல்லாத்துலயும் பெட்ரோல் இருக்குல்ல? ட்யூப் ஒண்ணு குடுங்க, நானே உறிஞ்சிக்கறேன். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்!"

நிஜமாகவே குனிந்து, வீக்ஸின் புது பூட்ஸைப் பிடித்துக்கொண்டார்.

 கைதட்டல் கூரையைப் பிய்த்தது. குகை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாஷிங்டன் எழுந்து நின்று விசிலடித்தார். ரொவீனா குறைத்த இரண்டு மதிப்பெண்ணையும் திருப்பிப் போட்டாள்.

"லாஃபயட் நாடகக்காரங்க லேசுப்பட்டவங்க இல்ல" என்று வீக்ஸ் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஓவிட்டைத் தூக்கி நிறுத்தி முதுகில் தட்டினார். "வண்டிப் பெட்ரோல் நாங்க திரும்பிப் போறதுக்குப்பா. அது எங்க கையிருப்பு" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார்.

அந்தக் கைதட்டலில் கண்விழித்த சுத்திகரிப்பு ஆலை, பராமரிப்பு முடிந்துவிட்டதாகச் சொல்லிக் கேனை நகர்த்தியது. லாரி அதைப் பொதுமகனிடம் கொடுத்தது. வீக்ஸும் ஒரு பக்கம் கையை வைக்கப் படம் எடுத்தார்கள். வீக்ஸ் கண்ணை மூடிவிட்டதால் மறுபடி எடுத்தார்கள். அதில் ஓவிட் கண்ணை மூடிவிட்டார், அதற்காக மறுபடி எடுக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். கேன் கனமாக இருந்தது. அந்தக் கனம் கையில் ஏறியதும் ஓவிட்டுக்குப் பட்ட அவமானமெல்லாம் மறந்துவிட்டது. அசட்டு மனிதர், அத்தனை பேருக்கும் நன்றி வேறு சொன்னார். மூடியைத் திறந்து மோந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. மாதாகோயில் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை யாராவது மோந்து பார்ப்பார்களா?

வீட்டுக்கு வந்தபோது ஜெனரேட்டர் கடைசி இருமல் இருமிவிட்டு நின்றிருந்தது. எர்லீன் குட்டிச் சிலிண்டரில் இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வெர்னிஸைக் காணவில்லை.

"அவ எங்க?"

"இரு, வர்றேன்னுட்டு ஓடுனா." எர்லீனுக்கு வார்த்தைக்கு வார்த்தை இளைத்தது. "குடுத்தானுங்களா?"

"குடுத்தாங்க எர்லீன். கேன் நெறைய."

"சொன்னேன்ல? நீதான்... வாயத் தொறந்து... கேக்க வெக்கப்படுவே."

ஓவிட் கொட்டகைக்கு ஓடினார். கேனை அப்படியே ஜெனரேட்டரில் கவிழ்த்தார். காலையிலிருந்து மூக்கில் ஏறியிருந்த நாற்றத்தில் எது பெட்ரோல், எது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? கயிற்றைச் சுண்டினார். குழாயில் ஒட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் மிச்சத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அறையில் மெஷின் முணுமுணுத்தது. ஜன்னல் வழியே எர்லீன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். ஓவிட்டின் வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தம் எதுவும் இருந்ததில்லை. அவர் கண்ணைத் துடைப்பதற்குள் அது விக்கி, திக்கி, நின்றுவிட்டது.

மறுபடி சுண்டினார். மறுபடி, மறுபடி. கேனில் மீதியிருந்ததை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். நாக்கில் வைத்தார். நல்ல தண்ணீர். ஊரில் குடிக்கக்கூட அப்படியொரு தண்ணீர் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வெர்னிஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஒரு பால் ஜாடி, அதில் கால்வாசிக்கு மஞ்சளாகப் பெட்ரோல். ஊரைவிட்டுப் போனவர்களின் கொட்டகைகளை உடைத்து, புல்வெட்டும் மெஷின் ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்துச் சேர்த்திருந்தாள். "ஓவிட்டு! கெடைச்சிருச்சுய்யா! ராத்திரிக்குத் தாங்கும்!"

ஓவிட் ஜாடியைப் பார்த்தார், ஜெனரேட்டரைப் பார்த்தார். இருவருமாக ஜெனரேட்டரைக் கவிழ்த்தார்கள், வடித்தார்கள், துணியை விட்டுத் துடைத்தார்கள், ஜாடியில் இருந்ததில் பாதியை ஊற்றி அலசினார்கள். மீதியை ஊற்றிக் கயிற்றைச் சுண்டினார் ஓவிட். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ரத்தம் ஊறியது. தண்ணீர் ஜெனரேட்டரின் குடல் வரைக்கும் போயிருந்தது. அது பேசவில்லை.

அறைக்குள் வந்து கட்டிலருகே மண்டியிட்டார். சிலிண்டரின் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் நடந்ததைச் சொல்லவில்லை, சொல்ல மனசு வரவில்லை.

"ஏதோ சின்னக் கோளாறு" என்றார்.

எர்லீன் அவரைப் பார்த்தாள். கடைசி மூச்சை மனிதர்கள் பிரார்த்தனைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று சொல்கிறார்கள். அவள் அதையும் அவருக்கே செலவழித்தாள். "நீ தொட்ட எந்த மெஷின்... ஓடியிருக்கு..."

வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டாள். ஓவிட்டுக்கு அழுகை வரவில்லை. கொல்ல வேண்டும் என்றுதான் வந்தது.

மறுநாள் காலை சவப்பெட்டிக்கு மரம் பார்க்கும் வேலையை வெர்னிஸிடம் விட்டுவிட்டு அவர் காலிக் கேனோடு கிளம்பினார். வாசலில் லெஸ்டர், "அண்ணே, அண்ணிக்கு எப்படி..." என்று ஆரம்பித்து, முகத்தைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினான். கூடாரத்தில் ஆய்வுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அனைவரும் மெத்தை வைத்த நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். ரொவீனா வாசித்துக்கொண்டிருந்தாள்: "பொதுமகன் பாத்திரம், மிகச் சிறப்பு. ஒரே குறை, உணர்ச்சி கொஞ்சம் அதிகம்."

ஓவிட் கேனை மேஜைமேல் எறிந்தார். ஐஸ் டீக் கோப்பைகள் உருண்டன.

"தண்ணியக் குடுத்திருக்கீங்க."

"ஆமா, தண்ணிதான்" என்றார் வீக்ஸ், பொறுமையாக. "ஒத்திகையில நெசப் பெட்ரோலக் குடுக்க முடியுமா? பாதுகாப்பு வேண்டாமா? யாருக்காவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நாங்கதானே பதில் சொல்லணும்?"

"எர்லீன் செத்துட்டா."

பின்னால் டீசல் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொவீனா அவசரமாகத் தாள்களைப் புரட்டினாள். "இந்தக் காட்சி எங்கிட்ட இல்லையே" என்றாள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த வாரியத்தின் வக்கீல் எழுந்து வந்து வீக்ஸின் காதில் என்னவோ சொன்னார். வீக்ஸ் ஓவிட்டை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். உரிந்த கை, சேறு, சிவந்த கண். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.  பிறகு மெல்ல மெல்ல ரத்தம் திரும்பி வந்தது. எழுந்து வந்து ஓவிட்டின் தோளில் கை வைத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, மிஸ்டர்..."

"கித்ரி."

"மிஸ்டர் கித்ரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. இப்ப உங்களுக்குப் பெட்ரோல் தேவை இருக்கா?"

ஓவிட்டுக்கு விளங்கவில்லை. "எதுக்கு?"

"அதான் கேக்கறேன். அந்த மெஷினுக்கோ, ஜெனரேட்டருக்கோ..."

"அவளே போயிட்டாங்கறேன். இனிமே எனக்கு எதுக்குய்யா பெட்ரோல்?"

"தேவை இல்ல" என்று ரொவீனாவிடம் சொன்னார் வீக்ஸ். அவள் குறித்துக்கொண்டாள். வீக்ஸ் ஒரு கையை ஓவிட்டின் தோளிலேயே வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, கூட்டத்தைப் பார்த்தார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

"நண்பர்களே! இந்தப் புயல்ல, இந்த மாவட்டத்துலேர்ந்து நம்ம வாரியத்துக்கு வந்த தட்டுப்பாட்டுப் புகார் ஒண்ணே ஒண்ணுதான். இதோ, இவரோடது. நேத்துக் காலையில வந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள தீந்துருச்சு. கையிருப்புலேர்ந்து ஒரு சொட்டுகூட எடுக்காம!"

கூடாரமே எழுந்து நின்று கை தட்டியது. ஓவிட் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு யாரும் நாற்காலி போட்டிருக்கவில்லை.